எடையில் சேராதது

நிறுக்கும்போது கழற்றிவிட வேண்டும்.
ஆடும்போது மாட்டியிருக்க வேண்டும்.
விதிப்புத்தகத்தில் பம்பருக்கு மட்டும் ஒன்பது பக்கம்.
மோட்டார் பக்கங்களை ஹாஜிரா எடுத்துக்கொண்டாள்,
கேமராவை மாதேஷ்.
யாரும் புரட்டாத அந்த ஒன்பதும்
எனக்கு வந்தன.

சூரமங்கலத்தில் ப்ளைவுட் கிடைத்தது, முக்கால் அங்குலம்.
நுரைக்குழாய்க்குத்தான் அலைச்சல்.
நீச்சல் குளத்தில் கட்டிக்கொண்டு மிதப்பார்களாம் அதை;
நான் கேட்ட ஆறு கடையிலும்
யாரும் அப்படி மிதந்ததில்லை.
கடைசியில் ஏசி பைப்புக்குப் போர்த்தும் கறுப்பு ஸ்பாஞ்ச்,
இருபத்து நாலு அடி,
தோளில் மலைப்பாம்பாகச் சுற்றி டவுன் பஸ்ஸில் ஏறினேன்.

ஐந்து ரோடு சீட் கவர் கடையில்
முபாரக் அண்ணன் கேட்டார்:
"வண்டி என்ன மாடல்?"
"நாங்களே செஞ்சதுங்ணா."
"எத்தன பேர் உக்காரலாம்?"
"யாரும் உக்கார முடியாது."
தையல் மெஷினை நிறுத்தி ஒருமுறை பார்த்தார்,
பிறகு அளவெடுத்தார்.
வெளியே சிவப்பு, உள்ளே நீலம்,
புரட்டினால் கட்சி மாறும்.
வெள்ளையில் 417 வெட்டித் தைத்தார்.
ஏழு மட்டும் சற்றுச் சாய்ந்து
பக்கத்து வண்டியை எட்டிப் பார்க்கும்.

முதலில் எட்டு போல்ட் வைத்தேன்.
கழற்றி மாட்டப் பதினோரு நிமிடம்;
ஆட்டங்களுக்கு நடுவே கிடைப்பதோ ஆறு.
அடுத்து வெல்க்ரோ.
பட்டறைச் சுவரில் இடித்துப் பார்த்தோம்:
பம்பர் சுவரோடு நின்றுகொண்டது,
ரோபோ மட்டும் திரும்பி வந்தது.

இழுத்தால் வரணும்,
இடித்தால் வரக் கூடாது.
இந்த ஒரு வரியை இரும்புக்குச் சொல்லிப் புரியவைக்க
எனக்கு மூன்று வாரம்.
மேலிருந்து இறங்கி உட்காரும் ஆங்கிள்,
பக்கவாட்டில் குறுக்கே போகும் பின்,
மூலைக்கு ஒன்றாக நான்கு.
நாற்பது நொடி.
விடுதியில் கரண்ட் போன இரவில்
தடவித் தடவியே மாட்டினேன், நாற்பத்தி மூன்று.

ஓமலூர் ரோட்டு உள்ளரங்கில் மூன்றாவது ஆட்டம்.
சிவப்பிலிருந்து நீலம்.
மூன்று பின் ஏறிவிட்டது. நாலாவதைக் காணோம்.
பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள்.
"விழாது, விடு," என்றான் மாதேஷ்.
நானும் தலையாட்டினேன்.
அதைச் சொல்லாமல் விடக் கூடாது,
நானும் தலையாட்டினேன்.

ஐம்பத்திரண்டாவது நொடியில்
நாமக்கல் அணி பின்மூலையில் வந்து முட்டியது.
அவ்வளவு பெரிய சத்தமில்லை.
ஒரு கட்டிலிலிருந்து தலையணை விழுவது போல.
நடுவர் கொடி தூக்க, எங்கள் வண்டியின் விளக்கு அணைந்தது.
பந்தைத் தூக்கிய கை
தூக்கியபடியே நின்றது, ஆட்டம் முடியும்வரை.

யாரும் திட்டவில்லை. ஹாஜிரா தண்ணீர் பாட்டிலின் மூடியைத்
திறந்து திறந்து மூடினாள்.

எடுத்து வரக் களத்துக்குள் போனேன்.
பச்சை, மஞ்சள், யார் யாரோ உரசிய தீற்றல்கள்.
ஏற்காட்டு வளைவுகளில் தடுப்புச்சுவர்
எல்லா பஸ்ஸின் பெயிண்டையும் வைத்திருக்குமே, அப்படி.
முட்டிய அணியின் பையன் ஒருவன்
மறுமுனையைத் தூக்கினான்.
"என்னங்க, இந்தக் கனம் கனக்குது?"
"ரெண்டு கிலோ முந்நூத்தி நாப்பது," என்றேன்.
இந்த மூன்று மாதத்தில்
அதன் எடையைக் கேட்ட முதல் ஆள் அவன்தான்.

பின் இருந்தது.
தொலையக் கூடாதென்று
என் அடையாள அட்டைக் கயிற்றில்
நானே மாட்டி வைத்திருந்தேன், முதுகுப் பக்கம்.

இரவு நாலு பேரின் கயிறுகளையும் வாங்கி வெட்டி
ஒவ்வொரு பின்னையும் சட்டத்தோடு முடிந்தேன்.
கழன்றாலும் தொங்கும்,
தொங்கினாலும் கண்ணில் படும்.

காலையில் வாசலில் காவலாளி மறித்தார்.
"நாலு பேருக்கும் ஐடி கார்டு எங்கம்மா?"
தள்ளுவண்டியில் இருந்த 417-ஐக் காட்டினோம்.
அவர் குனிந்து
ஒரு பின்னைப் பிடித்து இழுத்துப் பார்த்தார்.